மண்டபத்துக்குள் ட்ரோன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்யாண மண்டபத்துக்குள் கேமரா ட்ரோன் பறக்கவிடுவது வெட்டவெளியில் விடுவதைவிடப் பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உள்ளே மழை கிடையாது, காகம் துரத்தாது, ட்ரோன் தொலைந்தும் போகாது. ஆனால் வெளியில் அதை நிலையாக நிறுத்திவைக்கும் ஏற்பாடுகள் பலவும் கூரைக்குக் கீழே வந்ததும் கைவிட்டுவிடுகின்றன.

ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தாலும் ட்ரோன் அந்தரத்தில் அப்படியே நிற்கும் என்பது முதல் நம்பிக்கை. வெளியில் அது நிற்பது பெரும்பாலும் ஜிபிஎஸ் தயவில். கான்கிரீட் தளத்தைத் தாண்டி அந்த சிக்னல் ஒழுங்காக வராது. அப்போது ட்ரோன் தன் அடிப்பக்கக் கேமராவை நம்புகிறது: தரையிலுள்ள கோடுகளும் புள்ளிகளும் நகர்வதை வைத்து, தான் எவ்வளவு விலகியது என்று கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும். மண்டபத்திலோ பளபளக்கும் கிரானைட், அல்லது ஒரே நிறக் கம்பளம், அதன்மேல் ஓயாமல் நடமாடும் கூட்டம். வரவேற்பில் விளக்கை அணைத்து வண்ண ஒளி பாய்ச்சினால் அந்தக் கேமராவுக்குக் கண்ணே தெரியாது. பிடி விட்டுப்போன ட்ரோன் கட்டவிழ்ந்த படகுபோல் நகரத் தொடங்கும். தூண்களுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அதன் திசைகாட்டியையும் குழப்பும்.

உள்ளே காற்றில்லை என்பதும் சரியல்ல. ட்ரோன் கீழே தள்ளும் காற்று தரையில் மோதி, சுவரேறி, மறுபடி இறக்கைகளுக்குள்ளேயே புகுந்து அதைத் தள்ளாட வைக்கிறது. கூரையை மிகவும் நெருங்கினால் இடையில் அழுத்தம் குறைந்து ட்ரோன் மேலே இழுபட்டு முட்டிக்கொள்ளும். மணவறைக்கு மேல் தாழப் பறந்தால் குத்துவிளக்கு அணைவதோடு போகாது. ஹோமகுண்டத்துப் பொறி பந்தல் துணிவரை பறக்கலாம்.

தடையைக் கண்டால் தானே நின்றுவிடும் என்பார்கள். கண்ணாடிச் சுவர், சீரியல் பல்பு ஒயர், தொங்கும் மல்லிகைச் சரம் ஆகியவற்றை உணர்விகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. சிறிய ட்ரோன்கள் பலவற்றுக்குப் பக்கவாட்டில் உணர்வியே இல்லை.

இருப்பதிலேயே ஆபத்தானது, சிக்னல் போனால் அது கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும் என்ற நம்பிக்கை. வாசலில் ஜிபிஎஸ் பிடித்துக் கிளம்பிய ட்ரோன் உள்ளே தொடர்பை இழந்தால், திரும்புவதற்கு முன் குறித்துவைத்த உயரத்துக்கு ஏறப் பார்க்கக்கூடும். அந்த உயரம் வழக்கமாகப் பல மீட்டர். நடுவில் கூரை இருப்பது அதற்குத் தெரியாது. ஜிபிஎஸ் இல்லாமலே கிளம்பியிருந்தால், நின்ற இடத்திலேயே இறங்கும். கீழே பந்தி நடந்தாலும்தான்.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் 250 கிராம் வரையுள்ளவற்றை நானோ வகையில் சேர்த்து, ஓட்டுபவருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்கின்றன. அதனால் 249 கிராம் ட்ரோன் காயப்படுத்தாது என்று ஆகிவிடாது. தலைக்கு 5 மீட்டர் மேலிருந்து விழுந்தால், தலையில் படும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 35 கி.மீ. இறக்கையோ நொடிக்கு நூறு தடவைக்கு மேல் சுழல்கிறது. 2014 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில், உணவகம் ஒன்றுக்குள் விளம்பரத்துக்காகப் பறக்கவிட்ட சிறு ட்ரோன் ஒரு புகைப்படக்காரரின் மூக்கைக் கிழித்தது. பக்கவாட்டு வளையம் மட்டும் போட்டால் சுவரில் மோதும்போது உதவும்; மேலும் கீழும் திறந்திருப்பதால் முந்தானையும் முடியும் சிக்கத்தான் செய்யும். இறக்கைகளை முழுதாக மூடும் கூண்டு வகையே ஓரளவு தேவலை.

விழுந்த ட்ரோன் மறுபடி பறந்தால் பிரச்சினையில்லை என்று விட்டுவிடுவதும் உண்டு. அடிபட்ட லித்தியம் பேட்டரி உடனே எதையும் காட்டாமல் இருந்து, பிறகு சார்ஜ் போடும்போது உப்பித் தீப்பிடிக்கக்கூடும். அதைக் கழற்றி, துணிமணி இல்லாத திறந்தவெளியில் தனியாக வைக்க வேண்டும்.