வெளியே வந்த பின்னும் ஆறாத காயம்

பிள்ளை கைமீறிப் போகின்றான் என்று அஞ்சும் பெற்றாரின் வேதனை பெரிது. போதைவஸ்துப் பழக்கம், கூடாத சகவாசம், படிப்பில் வெறுப்பு, வீட்டில் ஓயாத சண்டை என ஒன்றன்மேல் ஒன்றாக வரும் வேளையில், "பிள்ளையை எங்களிடம் விடுங்கள், திருத்தித் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், அது வானத்திலிருந்து வந்த உதவியாகவே தோன்றும்.

ஐக்கிய அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த வாக்கை நம்பிப் பெருந்தொகையான பெற்றார் தம் பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தனியார் நடத்திய திருத்த இல்லங்களிடம் ஒப்படைத்தார்கள். அவற்றுட் பலவற்றில் நடந்த கொடுமைகள் இன்று அரசாங்க அறிக்கைகளிலேயே பதிவாகியுள்ளன. அங்கிருந்து வெளியே வந்தவர்களுட் பலர் இன்று நாற்பது, ஐம்பது, அறுபது வயதினர். அவர்கள் இல்லத்தை விட்டு வந்துவிட்டார்கள். ஆனால் இல்லம் அவர்களை விட்டுப் போகவில்லை. அது ஏன் என்பதையும், அத்தகைய ஒருவரோடு வாழும் குடும்பம் என்ன செய்யவேண்டும் என்பதையும் இவ்வாரம் படிப்போம். நம் உறவினர் பலர் கடல் கடந்த நாடுகளிற் பிள்ளைகளை வளர்த்துவரும் இக்காலத்தில், இது நமக்குத் தூரத்துச் செய்தி அன்று.

இல்லங்கள் தோன்றிய வரலாறு

1958 இல் கலிபோர்ணியாவில் சாள்ஸ் டெடரிக் என்பவர் "சினனன்" என்ற அமைப்பைத் தொடங்கினார். போதைக்கு அடிமையான வளர்ந்தோருக்காகவே அது ஏற்பட்டது. எல்லோரும் வட்டமாக அமர்ந்து, ஒருவரைக் குறிவைத்து, அவர் மனம் உடையும்வரை கடுஞ்சொற்களால் தாக்குவது அதன் முறை. அதற்கு "ஆட்டம்" என்று பெயரும் இட்டிருந்தனர். இம்முறை பின்னர் பதின்ம வயதினருக்கான இல்லங்களுக்கும் பரவியது. 1970 இல் புளோரிடாவில் "சீட்", அதே ஆண்டில் மெயின் மாநிலத்தில் "ஏலான்", 1976 இல் மீண்டும் புளோரிடாவில் "ஸ்றெயிற்" என ஒவ்வொன்றாக முளைத்தன.

எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. 1974 இல், செனற்றர் சாம் ஏர்வின் தலைமை வகித்த செனற் சபையின் உபகுழு ஓர் அறிக்கை வெளியிட்டது. கொரிய யுத்தத்தில் வட கொரியர் கையாண்ட மூளைச்சலவை முறைகளோடு சீட் இல்லத்தின் முறைகளை அது ஒப்பிட்டது. 1983 இல், தம்பியைப் பார்க்கச் சென்ற கல்லூரி மாணவர் ஒருவரைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்ததற்காக, ஸ்றெயிற் நிறுவனம் 220,000 டொலர் நட்டஈடு செலுத்தவேண்டும் என வேர்ஜீனியாவில் யூரிமார் தீர்ப்பளித்தனர். அப்படியிருந்தும் ஸ்றெயிற் 1993 வரையும், ஏலான் 2011 வரையும் நடந்தன. ஜமெய்க்கா நாட்டில் "ட்றாங்குவிலிற்றி பே" என்ற இல்லம் 1997 முதல் 2009 வரை அமெரிக்கப் பிள்ளைகளை வைத்திருந்தது.

2007 இல் அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம், 1990 முதல் இத்தகைய இல்லங்கள்மேல் ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் எழுந்துள்ளதாகத் தெரிவித்தது. பத்துப் பிள்ளைகளின் மரணங்களை விரிவாக ஆராய்ந்தது. 2005 ஆம் ஆண்டில் மாத்திரம் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் துன்புறுத்தற் சம்பவங்களிற் சம்பந்தப்பட்டிருந்தனர் என்றும் அது குறிப்பிட்டது.

உள்ளே நடந்தது என்ன?

எல்லா இல்லங்களும் ஒரே மாதிரியானவை அல்ல. வீட்டுக்கு வெளியே தங்கிச் சிகிச்சை பெறவேண்டிய பிள்ளைகளும் உண்டு. அவர்களை அன்போடு பராமரிக்கும் நல்ல இல்லங்களும் உண்டு. ஆனால் கொடுமை நிகழ்ந்த இடங்களிலிருந்து வந்தவர்களின் சாட்சியங்களில் ஒரே ஒழுங்கு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

பெற்றாரின் சம்மதத்தோடு, அதிகாலை இருளில் இரு அந்நியர் வந்து, படுக்கையிலிருந்த பிள்ளையை எழுப்பிக் கொண்டு போவார்கள். உள்ளே போனபின் கடிதங்கள் வாசிக்கப்படும்; தொலைபேசி மறுக்கப்படும். "பிள்ளை முறையிட்டால் நம்பாதீர்கள், வீட்டுக்கு வரத் தந்திரம் செய்கிறான்" என்று பெற்றாருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கப்படும். பேசவும், எழும்பவும், மலசலகூடம் போகவும் அனுமதி பெறவேண்டும். கூட்டத்தின் நடுவே குற்றங்களை அறிக்கையிடவேண்டும். சொல்லக் குற்றம் இல்லாதவன் இட்டுக்கட்டியாவது சொல்லவேண்டும். நண்பனைக் காட்டிக் கொடுத்தவனுக்கே மேல்நிலை கிடைக்கும்.

காயம் ஏன் நீடிக்கிறது?

கொடுமை நின்றதும் அதன் தாக்கமும் நின்றுவிடும் என்று முன்னர் பலர் எண்ணினர். 1980 இல், வியற்நாம் போரிலிருந்து திரும்பியோரின் துன்பத்தைக் கண்ட பின்னர், அதிர்ச்சிக்குப் பிந்திய உளநோய் அமெரிக்க மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. தப்ப முடியாத இடத்தில் நெடுங்காலம் வதைபடுவோரின் காயம் இன்னும் ஆழமானது என்பதை 1992 இல் மருத்துவர் ஜூடித் ஹேர்மன் எடுத்துக்காட்டினார். 2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதனைத் தனி நோயாகவே ஏற்றுள்ளது. இதன் செயல்களை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, உடல். ஆபத்தை எதிர்பார்த்தே பழகிய உடல், ஆபத்து நீங்கிய பின்னும் காவலை விடுவதில்லை. கதவு தட்டும் ஓசைக்கும் நெஞ்சு படபடக்கும். இரவிற் பிடித்துச் செல்லப்பட்டவருக்கு நித்திரையே பயமாகிவிடும். 2020 இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில், பெருஞ் செல்வக் குடும்பத்திற் பிறந்த பாரிஸ் ஹில்டன், தம் பதின்ம வயதில் யூற்றா மாநில இல்லமொன்றிற் பட்ட துன்பத்தைச் சொன்னார். சுமார் இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் கெட்ட கனவுகள் தம்மை விடவில்லை என்றார். செல்வமும் புகழும் இக்காயத்துக்கு மருந்தாகவில்லை.

இரண்டாவது, தன்னைப் பற்றிய எண்ணம். "நான் பொய்யன், நான் உதவாதவன்" என்று பலர் முன் மாதக்கணக்காகச் சொல்ல வைக்கப்பட்ட பிள்ளை, ஈற்றில் அதை நம்பிவிடும். பின்னாளில் எவராவது பாராட்டினால், "என்னை இவர் இன்னும் அறியவில்லை" என்றே உள்ளம் சொல்லும்.

மூன்றாவது, நம்பிக்கை. அந்நியன் அடித்த அடியிலும், காக்கவேண்டியவர் கைவிட்டது ஆழமாகத் தைக்கும். பெற்றாரே அனுப்பினார்கள், நண்பனே காட்டிக் கொடுத்தான், ஆலோசகர் என்று வந்தவரே வதைத்தார். ஆகவே அன்பு காட்டுவோரையும் ஐயுறத் தோன்றும். உளச் சிகிச்சை என்ற சொல்லே அச்சமூட்டுவதால், உதவி தேடிப் போகவும் கால் கூசும்.

நான்காவது, சுயவிருப்பம். எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டே வாழ்ந்தவருக்குச் சிறு முடிவெடுப்பதும் மலையாகும். அதட்டுகிற ஒருவர் எதிர்ப்பட்டால், பழைய பழக்கத்தாலே அடங்கிப் போவார். கொடுமையான வாழ்க்கைத் துணை, சுரண்டும் முதலாளி, ஆட்டிப்படைக்கும் குழு என மீண்டும் ஒரு கூட்டுக்குள் விழும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இதைக் குணக்கேடு என்று எண்ணுவது தவறு. உயிர் தப்புவதற்காக ஒரு பிள்ளை கற்றுக்கொண்ட பாடங்கள் இவை. ஆபத்து நீங்கிய பின்னும் மறக்க முடியாமல் இருக்கின்றன.

திருச்சபைக்கும் இதில் ஒரு பாடம்

கட்டாயப்படுத்திப் பெறும் அறிக்கையைக் கண்டு கத்தோலிக்கர் திகைக்கவேண்டும். நம் பாவசங்கீர்த்தனம் சுயமாகச் செய்யப்படுவது, இரகசியமாகக் காக்கப்படுவது. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 630 ஆம் விதி, துறவற சபைத் தலைவர்கள் தம் கீழுள்ளோரை மனச்சாட்சியைத் தம்மிடம் வெளிப்படுத்தும்படி எவ்விதத்திலும் தூண்டலாகாது எனத் தடுக்கிறது. உள்ளத்தின் கதவு உள்ளிருந்தே திறக்கப்படவேண்டும் என்பதே இதன் கருத்து.

ஆயினும் நம் வீட்டுக் குறையை மறைத்துப் பிறரைக் குறைகூற முடியாது. அயர்லாந்திற் துறவற சபைகள் நடத்திய கைத்தொழிற் பாடசாலைகளைப் பற்றி 2009 மே மாதம் வெளிவந்த றையன் ஆணைக்குழு அறிக்கை, அங்கும் பிள்ளைகள் நெடுங்காலம் வதைக்கப்பட்டதை உறுதிசெய்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த ஆணைக்குழுவின் முன் தம் துன்பத்தைச் சொன்னார்கள். பலர் தலை நரைத்த பின்னரே வாய் திறந்தனர். திருவுடை அணிந்தவர் செய்தாலும், வெள்ளங்கி அணிந்தவர் செய்தாலும் காயம் ஒன்றே.

குடும்பம் செய்யத்தக்கது

குணமடைதலை ஹேர்மன் மூன்று படிகளாகக் காட்டினார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நடந்ததை நினைத்துத் துக்கித்தல், பின்னர் மனிதரோடு மீண்டும் இணைதல். முதற் படியைத் தாண்டி அவசரப்படலாகாது.

ஆகவே, அவர் சொல்வதை நம்புங்கள். "முடிந்த கதை, மற" என்று சொல்லாதீர்கள். முழுக் கதையையும் சொல்லும்படி வற்புறுத்தவும் வேண்டாம். நித்திரையில் இருப்பவரைத் திடீரென்று தொட்டு எழுப்பாமல், சற்று விலகி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். என்ன சமைப்பது, எப்போது வெளியே போவது போன்ற சிறு முடிவுகளை அவரிடமே விடுங்கள். ஒரு காலத்திற் பறிக்கப்பட்ட சுதந்திரம் இப்படித்தான் சிறிது சிறிதாகத் திரும்பி வரும். அனுப்பி வைத்த பெற்றார் இருந்தால், "உன் நன்மைக்காகத்தான் செய்தோம்" என்பதை விட்டு, "உன்னை நம்பாமற் போனோம், மன்னித்துக்கொள்" என்று சொல்லட்டும். தியானக் கூட்டங்களில் எவரையும் எழுந்து சாட்சி சொல்லும்படி நெருக்காதீர்கள். இத்துறையிற் பயிற்சி பெற்ற உளமருத்துவரிடம் போவதாயின், தெரிவு செய்வதும் நிறுத்துவதும் அவர் உரிமை என்பதை உணர்த்துங்கள். வாழ்வதிற் பயனில்லை என்று அவர் பேசத் தொடங்கினால் மாத்திரம் தாமதிக்காது அன்றே மருத்துவ உதவி தேடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

ஒப்படைக்கு முன் கேட்கவேண்டியவை

2024 டிசம்பரில் அமெரிக்காவில் நிறைவேறிய சட்டமொன்று, இளையோர் தங்கும் இத்தகைய நிலையங்களை நாடளாவிய ரீதியில் ஆராயும்படி பணித்துள்ளது. ஆனால் சட்டம் வரும்வரை பெற்றார் காத்திருக்கவேண்டியதில்லை. எந்த நாட்டிலாயினும், எந்தப் பெயரிலாயினும், பிள்ளையை ஓர் இல்லத்தில் விடுமுன் கேளுங்கள்: பிள்ளை எவரும் ஒட்டுக்கேளாமல் எங்களோடு பேசலாமா? முன்னறிவித்தல் இன்றி நாங்கள் வந்து பார்க்கலாமா? தண்டனை எத்தகையது? வெளியார் ஒருவரிடம் பிள்ளை முறையிட வழி உண்டா? இவற்றுக்கு நேரான பதில் தராத இடத்தின் வாசற்படியை மிதிக்கவேண்டாம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் பிள்ளை ஒரு பெரியவரைப் பற்றி முறையிட்டால், முதலில் யாரை நம்புகிறோம்?

2. பழைய துன்பத்தால் ஒதுங்கி வாழும் உறவினர் ஒருவரைப் "பிடிவாதக்காரர்" என்று நாம் சொல்வதுண்டா?

3. அவருக்கு இக்கிழமை நாம் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒரு சிறு சுதந்திரம் எது?