காய்ந்த விறகுக்கே நல்ல விலை

விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் புஞ்சையை நான்கைந்து ஆண்டுகள் உழாமல் போட்டுவிட்டால் அது சீமைக் கருவேலங்காடாகிவிடும். நிலத்தைத் திருத்த நினைக்கும் உழவர், பெரும்பாலும் வெட்டு வியாபாரியிடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி மொத்தமாக விட்டுவிடுகிறார். தொல்லை இல்லாத வழிதான். ஆனால் விறகில் வரும் காசில் நல்ல பங்கு, மரம் சாய்ந்த பிறகு அதைப் பிளந்து, உலர்த்தி, மழைக்காலம் வரை காத்து வைப்பவருக்கே சேருகிறது. அந்தப் பங்கை உழவர் பெருமக்கள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

வீட்டுக்கு வீடு எரிவாயு வந்துவிட்டதே, விறகை யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். டீக்கடைகள், பரோட்டாக் கடைகள், கலியாணச் சமையல்காரர்கள், தூத்துக்குடியில் விறகு அடுப்பை இன்னும் கைவிடாத பேக்கரிகள் ஆகியோர் வாங்குகிறார்கள். திருச்செந்தூர், உடன்குடி வட்டாரத்தில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பவர்களுக்கும் விறகு தேவை. உப்பளத்துக்கு வெயிலே போதும்; கருப்பட்டிக்கு அது போதாது.

முதலில் பச்சை விறகுக்கும் காய்ந்த விறகுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பச்சை விறகில் 40 சதம் தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். 1,000 கிலோவில் 400 கிலோ தண்ணீர், 600 கிலோ கட்டை. நன்றாகக் காய்ந்த விறகிலும் 15 சதம் ஈரம் நிற்கும். அந்த நிலைக்கு வரும்போது 1,000 கிலோ, சுமார் 700 கிலோவாகக் குறைந்துவிடும். வெயிலும் காற்றும் ஏறத்தாழ 300 லிட்டர் தண்ணீரைக் கூலியின்றி இறைத்துவிட்டன என்று பொருள். அந்தத் தண்ணீரை அடுப்பில் ஆவியாக்க வேண்டுமானால் லிட்டருக்கு சுமார் 600 கிலோ கலோரி வெப்பம் வீணாகும். அதைவிடப் பெரிய இழப்பு, ஈர விறகு சரியாகப் பற்றாமல் புகையாகவே போவதுதான். கடைக்காரர் முகம் சுளிப்பது அதனால்தான்.

விலையைப் பாருங்கள். பச்சை விறகு கிலோ ரூ.3 என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 1,000 கிலோவுக்கு ரூ.3,000. அதே தொகை 700 கிலோ காய்ந்த விறகில் கிடைக்க, கிலோவுக்கு சுமார் ரூ.4.30 விலை வேண்டும். பிளக்கும் கூலி, அடுக்கும் கூலி தனி. ஆகவே உங்கள் ஊர்ப் பச்சை விலையை ஏழால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள், கூலியைக் கூட்டுங்கள். அதற்கு மேல் கடைக்காரர் தரத் தயாராக இருந்தால்தான் காய வைப்பதில் லாபம். இல்லையேல் பச்சையாகவே எடைமேடையில் ஏற்றிவிடுவது நல்லது. வெட்டுவதற்கு முன்பே நான்கு கடைகளில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு ஏற்ற காலம் தை, மாசி. மானாவாரி வெள்ளாமை முடிந்து ஆள் கிடைக்கும். முன்னே நீண்ட கோடையும் இருக்கிறது. நிலத்தை மீண்டும் உழுவதாயின், தூரோடு பெயர்த்து எடுக்க வேண்டும். தரைமட்டத்தில் வெட்டிவிட்டால் சீமைக் கருவேல் பல கிளைகளாகத் துளிர்த்து முன்னிலும் அடர்த்தியாகும். பெயர்த்த தூர்க்கட்டையை மூட்டம் போடுவோர் கரிக்கு வாங்கிக்கொள்வார்கள். மண் மூட்டத்தில் ஒரு டன் கரிக்கு நான்கு ஐந்து டன் விறகு போகும். அது தனித் தொழில், அனுபவம் இல்லாமல் இறங்க வேண்டாம். நெற்று பழுக்கும் முன் வெட்டுவதும் முக்கியம். ஆடு மாடுகள் இனிப்பான நெற்றைத் தின்று சாணத்தோடு விதையை எங்கும் பரப்பிவிடும். விறகு விற்கிறதே என்று சீமைக் கருவேலைப் புதிதாக வளர்க்கும் எண்ணம் வேண்டாம். வரப்போரம் மரம் வேண்டுமானால் நம் மண்ணின் உடைமரமும் வெள்வேலும் இருக்கின்றன. விறகும் தரும், நெற்று ஆட்டுக்குத் தீவனமும் ஆகும்.

நாட்டுக் கருவேல மரத்தின் வளைந்த கிளையை விறகாக்கிவிடாதீர்கள். மரப்படகுக்கு விலா வைக்கும் தச்சர்கள் அத்தகைய வளைவைத் தேடுவார்கள். ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கோடரியை எடுக்கலாம்.

விறகை ஒன்றரை முதல் இரண்டு அடி நீளத்தில் துண்டுபோட்டு, கை மணிக்கட்டை விடப் பருத்ததைப் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்த பின் பிளப்பது இரட்டிப்பு வேலை. தரையில் கல் அடுக்கி, அதன்மேல் குறுக்குக் கட்டை போட்டு, நான்கு அடி உயரத்துக்கு இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று ஊடே புகுந்து போகும்படி அடுக்கின் அகன்ற முகம் மேற்கே பார்க்கட்டும். ஐந்து துண்டுகளில் சுண்ணாம்பால் குறியிட்டு, பத்து நாளைக்கு ஒரு முறை தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. நுனியில் கதிர்போல் வெடிப்பு ஓடியிருக்கும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும்.

முதலில் காய்ந்ததைக் கருப்பட்டி காய்ச்சுவோருக்குக் கொடுக்கலாம். ஒரு பகுதியையாவது ஐப்பசி, கார்த்திகைக்கு நிறுத்தி வையுங்கள். நம் மாவட்டத்து மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அப்போது பலரிடமும் விறகு நனைந்து கிடக்கும். உலர்ந்த விறகு வைத்திருப்பவரைத் தேடி வருவார்கள். பனையோலைக் கூரையோ தகரமோ மேலே போதும்; பக்கங்களை மூட வேண்டாம். இடம் மேடாக இருக்கட்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது, பள்ளத்தில் வைத்த எதுவும் அத்தகைய மழையில் தப்பாது. கரையான் ஏறுகிறதென்று பூச்சிமருந்து தூவாதீர்கள், அது சமையல் அடுப்புக்குப் போகும் விறகு. கல்லின் உயரத்தைக் கூட்டி, மண் ஏற்றத்தை அவ்வப்போது தட்டிவிட்டாலே போதும். அடுக்கைக் கலைக்கும்போது நீண்ட குச்சியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். சுருட்டை விரியனுக்கு விறகடுக்கு பிடித்தமான இடம்.

விற்பனை பெருகும்போது கண்டதையும் சேர்க்கும் ஆசை வரும். அரளிக் கட்டையைச் சேர்க்கக் கூடாது, அது நஞ்சு. கழிமுகத்துத் தில்லையின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். துறைமுகப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பெட்டிக் கட்டைகளில் ‘எம்.பி.’ என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால், அவை மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஊட்டியவை. வண்ணம் பூசிய பழைய படகுப் பலகையும் சமையலுக்கு ஆகாது.

எந்த மரத்தை வெட்டலாம் என்பதிலும் கவனம் தேவை. உங்கள் பட்டா நிலத்தில் உள்ளதோடு நில்லுங்கள். கண்மாய், ஆற்றங்கரை, சாலையோர மரங்கள் பொதுச் சொத்து. ஏலம் எடுத்தவரே வெட்ட முடியும். புன்னைக்காயல் பக்கத்து அலையாத்தி மரங்களில் கை வைக்கவே கூடாது. மீன்குஞ்சும் இறாலும் வளர்வது அவற்றின் வேரடியில். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசு 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் நிலத்துப் பனையானாலும் செங்கல் சூளைக்குக் கேட்டு வருவோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கடைக்காரரிடம் எடைக்கு விற்கும்போது காய்ந்த விறகு, பச்சை விறகு என்று இரண்டு விலை பேசி, சுமைக்குச் சுமை நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டையும் கலந்து ஏற்றினால் முழுச் சுமைக்கும் பச்சை விலையே கிடைக்கும்.