வெள்ளகவி ஏற்றத்தில் அரசியல் பேசலாம்

மலையேறும்போது நம் வேகம் சரிதானா என்று பார்க்கக் கையில் கருவி எதுவும் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அரசியல் பேசாமல் இருக்க முடியாத நண்பர் ஒருவரைக் கூட்டிப்போனால் போதும். மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியத்தை அவர் முழுதாக முடித்தால் வேகம் சரி. கூட்டணிக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார் என்றால், எல்லாரும் நின்று தண்ணீர் குடிக்க வேண்டும். எங்கள் குழுவில் கட்சிக்கு ஒருவர் இருப்பதால் இந்த அளவுகோல் பழுதானதே இல்லை.

எனக்குப் பிடித்த பாதை, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கும்பக்கரையில் தொடங்கி வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்கு ஏறுவது. கொடைக்கானலுக்கு மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தும் டோலியிலும்தான் மேலே போனார்கள். இப்போது பலர் வட்டக்கானலில் தொடங்கிக் கீழே இறங்குகிறார்கள். இறக்கம் சுலபம் என்று நினைப்பு. ஏற்றம் மூச்சைத்தான் கேட்கும், மூச்சு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். இறக்கம் முழங்காலைக் கேட்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் ஏறிப் போய்விட்டு பஸ்ஸில் இறங்குவது உத்தமம். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதல் நாளே கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். ஷூவின் முன்பக்கத்தில் விரல் இடித்து இடித்து, கீழே வரும்போது நகம் கறுத்துப்போயிருக்கும். மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்போ சுண்ணாம்போ ஒரு பொட்டலம். கைத்தடி கட்டாயம்.

வெள்ளகவி எல்லையில் எங்கள் வழிகாட்டித் தம்பி நின்றார். "அண்ணே, செருப்பு ஷூ எல்லாம் கழட்டிக் கையில எடுத்துக்கங்க. ஊருக்குள்ள யாரும் போடுறதில்ல" என்றார். ஊர்க்காரர்களுக்குத் தெருவே கோயில். கழற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஈரமான கல், காப்பிச் செடியின் சருகு, கோழி கிளறிப்போட்ட மண் என்று காலுக்கு அடியில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகத் தெரிந்தது. ஊரில் சாமான் வருவதும் விளைச்சல் போவதும் குதிரை முதுகில். உடம்புக்கு முடியாதவரை டோலி கட்டித்தான் தூக்கிப்போவார்கள். திண்டுக்கல் மாவட்டத்தின் சில மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரமே குதிரையில் ஏறிப்போகும் படம் தேர்தலுக்குத் தேர்தல் பத்திரிகையில் வரும். அதைப் பார்த்து ஜனநாயகத்தின் பெருமை என்று எழுதுகிறவர்கள், ஓட்டுப்பெட்டிக்குக் கிடைக்கும் குதிரை பிரசவ வலி எடுத்தவளுக்கு ஏன் உதவாது என்றும் எழுதலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மிளகாய் ஊறுகாய். எங்கள் பொட்டலத்தில் எப்போதும் இவைதான். சட்டென்று கெடாது, கைகழுவத் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஸ்பூனில் சாப்பிடலாம். நம் பாட்டி காலத்துச் சாப்பாடு என்று ஒருவர் பெருமைப்பட, குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் பிடித்துக்கொண்டார். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து வந்தது. மேலே போகப் போகப் பந்தலில் தொங்கும் சௌசௌவும், வெண்ணெய்ப்பழம் என்று நாம் வாங்கும் அவகேடோவும் மெக்சிகோ பக்கம். காப்பி எத்தியோப்பியா. அப்படியானால் நம்முடையது எது என்று கேட்டதற்கு, வழிகாட்டித் தம்பி, மரத்தில் படர்ந்திருந்த மிளகுக் கொடியைக் காட்டினார். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பிள்ளை. காரத்துக்கு அதையே நம்பியிருந்த சமையலறையை நானூறு ஐந்நூறு வருடத்தில் மிளகாய் பிடித்துக்கொண்டது.

உருளைக்கிழங்கில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆண்டிஸ் மலைவாசிகள் கிழங்கை ராத்திரிப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றிக் காயவைப்பார்கள். சூன்யோ என்று பேர். வருடக்கணக்கில் கெடாது. உறையவைத்து நீரை எடுத்துவிடும் இதே வித்தையைத்தான் விண்வெளி வீரர்களின் சாப்பாட்டுக்கு இயந்திரத்தில் செய்கிறார்கள். 1984இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனபோது மைசூரிலுள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வுக்கூடம் சாப்பாடு கட்டிக்கொடுத்தது. 2025இல் சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோனார். எடையற்ற நிலையில் ரத்தமும் நீரும் தலைக்கு ஏறி, சளி பிடித்த மாதிரி மூக்கு அடைத்துக்கொள்வதால் அங்கே ருசி மங்கும். அதனால் காரமான சாஸுக்கு ஏகக் கிராக்கி. ரொட்டித்தூள் மிதந்து கருவிக்குள் புகுந்துவிடும் என்பதால் சாதாரண ரொட்டி ஆகாது. 1985இல் மெக்சிகோ வீரர் ரொடோல்ஃபோ நெரி வேலா தங்கள் ஊர் டார்ட்டியாவைக் கொண்டுபோனார், அன்றிலிருந்து அதுதான் அங்கே ரொட்டி. மலைக்கும் இது பொருந்தும். முறுக்கு, மிக்சரைவிடச் சப்பாத்திச் சுருள் நல்லது. உதிராது, எறும்பைக் கூப்பிடாது.

மேலே சமைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை ஏற்றினால் பருப்பு வேகுமுன் சண்டை வந்துவிடும்.

கொடைக்கானல் ஊருக்குள் போனதும் பெரும்பாலோர் ஏரிக்கும் சாக்லேட் கடைக்கும் போகிறார்கள். நான் கூட்டிப்போவது சூரிய ஆய்வகத்துக்கு. கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டரில் இருக்கிறது. தெளிந்த வானத்துக்காக வெள்ளைக்காரன் மலையில் கட்டினான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது பாதிக் கதை. மீதி, பஞ்சத்தின் கதை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் மடிந்தார்கள். வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவித்து தர்பார் நடத்தினார். தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. அரசுச் செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் கூலியாக நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. இது உயிர் பிழைக்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அதே 1877இல், சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பஞ்சத்துக்கும் தொடர்பு இருப்பதாக வானியலாளர் லாக்கியரும் புள்ளிவிவர அதிகாரி ஹண்டரும் கட்டுரை எழுதினார்கள். மழை பொய்ப்பது சூரியன் கையில் என்றால் சூரியனைக் கவனித்தாக வேண்டும். அந்த யோசனை வளர்ந்து, வானியலாளர் மைக்கி ஸ்மித் இடம் தேடி, 1899இல் கொடைக்கானலில் ஆய்வகம் எழும்பியது.

கரும்புள்ளியை வைத்து மழையைச் சொல்ல முடியவில்லை. ஆனால் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் இங்கேதான் கண்டுபிடித்தார். இன்றும் உலகத்துப் பாடநூல்களில் அது அவர் பெயரில் இருக்கிறது. 1900களின் தொடக்கத்திலிருந்து எடுத்த சூரியப் படங்கள் கண்ணாடித் தட்டுகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முக்கியக் கருவியான ஒளிவட்ட வரைவியைச் செய்தது. 2023 செப்டம்பரில் புறப்பட்ட அது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்க்கிறது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். மழை தவறியது மட்டும் அந்தப் பஞ்சத்துக்குக் காரணமில்லை, அந்தக் கூலியும் ஏற்றுமதியும்தான் கொன்றன என்பது என் கட்சி. சூரியனைக் கவனித்தவர்கள் சரியாகக் கவனித்தார்கள். கீழே இருந்த களஞ்சியத்தைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

மலை இப்போது இருக்கும் நிலைக்கும் அரசியல் உண்டு. தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய வாட்டில் மரம் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. மழைநீரைப் பிடித்து வைப்பது அந்தப் புல்வெளியும் சோலையும்தான். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. முணுமுணுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

வனத்துறை அனுமதி விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். தீக்காலமான பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வனத்துறை பாதையை மூடினால் கோபப்படாதீர்கள். அந்த மாதங்களில் மலைப்புல் எவ்வளவு காய்ந்திருக்கும் என்று வழிகாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

கொடைக்கானலில் குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்தது 2030. கூட்டம் நெரியும், இ-பாஸ் கிடைப்பது பாடாகிவிடும். ஏறிப்போய்ப் பார்க்க ஆசையிருந்தால் இப்போதே வாரத்தில் இரண்டு நாள் லிஃப்டை விட்டு மாடிப்படி ஏறிப் பழகுங்கள். பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு, அரசியல் பேசியபடி.