சிறு டிராக்டரும் வீட்டுப் பராமரிப்பும்

கல்லணைக் கால்வாயின் நீர் அறந்தாங்கிப் பகுதியை எட்டுகிறது. எனினும், புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி கண்மாயையும் கிணற்றையும் வடகிழக்குப் பருவமழையையுமே நம்பி நிற்கிறது. மழை பெய்து வயலில் நீர் நிற்கும் சில நாட்களுக்குள் சேற்றுழவை முடித்தாக வேண்டும். அந்நாட்களில் டிராக்டர் நின்றுவிட்டால் நாற்று முற்றும், விளைச்சல் குறையும். ஏறத்தாழ 15 முதல் 30 குதிரைத்திறன் வரை உள்ள சிறு டிராக்டருக்குப் பகைவர் மூவர்: தூசி, காற்று, நீர். இம்மூன்றையும் வீட்டிலேயே வெல்லலாம்.

தூசி: நம் செம்மண் புழுதி எஞ்சினுக்குள் புகுந்தால் பிஸ்டன் வளையங்களை அரம்போல் தேய்த்துவிடும். இதைத் தடுப்பது காற்று வடிகட்டி. எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகையில், காற்று எண்ணெயின்மேல் மோதித் திரும்பும்போது தூசி அதில் தங்கிவிடுகிறது. எண்ணெய் குறியிட்ட அளவில் இருத்தல் வேண்டும். குறைந்தால் தூசி நிற்காது, மிகுந்தால் எண்ணெயே எஞ்சினுக்குள் இழுக்கப்படும். வடிகட்டி அடைபட்டால் கரும்புகை வரும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று அறிந்து, மெக்கானிக்கை நாட வேண்டும்.

காற்று: டீசல் அடியோடு தீர்ந்தால் குழாய்களில் காற்று புகும். காற்று அமுங்கக்கூடியது, ஆகவே டீசலைப் பீய்ச்சுவதற்கு வேண்டிய அழுத்தம் பிறப்பதில்லை, எஞ்சின் கிளம்பாது. தொட்டியை நிரப்பி, டீசல் வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரையோடு டீசல் வரும். குமிழி நின்று தெளிவாக ஒழுகும்போதே திருகை இறுக்கிவிடுதல் முறையாகும்.

நீர்: சேற்றுழவில் தேய்ந்த ஆயில் சீல் வழியாக அச்சுக்குள் நீர் புகும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்பது பொருள். சீலை மாற்றிப் புது எண்ணெய் ஊற்றாவிடில் பேரிங்குகள் துருப்பிடிக்கும். ஒவ்வொரு நாள் சேற்றுழவு முடிந்ததும் வண்டியைக் கழுவி, பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதுக் கிரீஸ் ஏற்றுதல் நலம்.

வீட்டில் செய்யத்தக்க சிறந்த சீர்திருத்தம், ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டுக்கு உறை மாட்டுவதே. அத்தண்டு பொதுவாக நிமிடத்திற்கு 540 முறை, அதாவது நொடிக்கு 9 முறை சுழல்வது. துண்டோ வேட்டியோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளவும் நேரமிராது. எஞ்சினை நிறுத்திய பின்னரே அதனருகே செல்ல வேண்டும்.

டீசல் பம்பின் முத்திரையை உடைத்து வேகத்தைக் கூட்டுதல் மட்டும் ஆகாது. பீய்ச்சுங்குழலைச் சோதிக்கையில் வரும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் பாயக்கூடியது. அவ்வேலை தக்க கருவிகள் உள்ள பட்டறைக்கே உரியது.

இவையனைத்திற்கும் ஒரு குறிப்பேடு துணையாகும். ஓடிய மணிகள், எண்ணெய் மாற்றிய நாள், வடிகட்டி துடைத்த நாள் ஆகியவற்றை அதில் எழுதி வரலாம். உழவர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் நாம் கைப்புத்தகத்தைப் படித்துச் சொல்லி, இக்குறிப்பேட்டையும் பேணினால், கண்மாய் நிறையும் நாளில் நம் வீட்டு டிராக்டர் வயலில் இருக்கும்.