நாய்வண்டிப் பந்தயம் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு

மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத் தெருவில் லாரியில் பனியைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பி இடிட்டராட் பந்தயத்தைத் தொடங்கி வைப்பார்கள். பெரிங் கடலோரத்தில் இருக்கும் நோம் ஊர்தான் எல்லை. தூரம் சுமார் 1,000 மைல். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் ஒற்றை ஆளாகப் போக வேண்டும். அந்த ஆளை மஷர் என்பார்கள். வீட்டில் உட்கார்ந்தபடி, வரைபடத்தில் ஊர்ந்து போகும் புள்ளிகளை வைத்து ஒரு மஷரின் பின்னாலேயே நோம் வரை போகிற பைத்தியம் எனக்கு வெகுநாளாக உண்டு. இப்போது இளையவர்கள் சிலருக்கும் அது தொற்றியிருக்கிறது. வந்தவுடன் எல்லாரும் கேட்பது, “இப்போ யார் ஃபர்ஸ்ட்?” அந்தக் கேள்வியை மறக்கடிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முப்பது, நாற்பது பேர் ஓடுவார்கள். எல்லாரையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் மூன்றாம் நாளில் எல்லாம் குழம்பிவிடும். பெரிய பெயர்கள் வேண்டாம். டல்லஸ் சீவி ஆறு முறை வென்றவர், அவரைப் பார்க்க ஊர் உலகமே இருக்கிறது. முதல்முறை ஓடும் ஒருவரைப் பிடியுங்கள். சிறிய பந்தயங்களில் 750 மைலாவது ஓடி முடித்துத் தகுதி பெற்றுத்தான் அவர் இங்கே வர முடியும் என்பதால், ஆள் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. ஆனால் அவருக்கு எல்லாமே புதிது, உங்களுக்கும் புதிது. இன்னொன்று, பெரிய நாய்ப்பண்ணைகள் சில சமயம் இரண்டு வண்டிகளை அனுப்பும். ஒன்றில் தேர்ந்த நாய்கள். மற்றதில் இரண்டு வயது இளசுகள், பாதை பழகுவதற்காக. இரண்டாவது வண்டி மெதுவாகத்தான் போகும், அப்படிப் போகச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். அதன் ஓட்டுநரைத் திறமையில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

2. கடிகாரத்தைச் சரிசெய்து கொள்ளுங்கள். பந்தயம் தொடங்கும்போது அலாஸ்கா நம்மைவிட பதினாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே இரவு பத்து மணி என்றால் நமக்கு மறுநாள் பகல் பன்னிரண்டரை. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், அதிலிருந்து வித்தியாசம் பதிமூன்றரை. பெரும்பாலும் பந்தயத்தின் நடுவில் இது வருவதால் புதியவர்கள் கணக்கு தவறாமல் உதைக்கும். நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பூஜ்யம் டிகிரி என்றால் நாம் நடுங்குவோம், அந்த நாய்களுக்கு அது வெயில். மைனஸ் இருபதை ஒட்டிய குளிரில்தான் அவை குஷியாக ஓடும். அதனால் மஷர்கள் பெரும்பாலும் இரவில் ஓட்டி, நடுப்பகலில் நாய்களைப் படுக்க வைப்பார்கள். அவர்கள் இரவு நமக்குப் பகல். தூக்கம் கெடாமலே பார்க்கலாம்.

3. சனிக்கிழமை நடப்பது ஊர்வலம். நேரக்கணக்கு ஞாயிறன்று வில்லோ என்ற இடத்தில்தான் தொடங்கும். பனி போதாத ஆண்டுகளில் தொடக்கத்தை வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்கு மாற்றியிருக்கிறார்கள்: 2003, 2015, 2017, 2025. வண்டிகள் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்பும். முதலில் கிளம்பியவருக்கும் கடைசியில் கிளம்பியவருக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அதை வழியில் எடுக்கும் 24 மணி நேர ஓய்வில் சரிக்கட்டுவார்கள். முன்னால் கிளம்பியவர் அந்த அளவு கூடுதலாக நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று கேட்காதீர்கள். 1978இல் டிக் மேக்கி, ரிக் ஸ்வென்சனை ஒரே ஒரு வினாடியில் வென்றார். எல்லைக்கோட்டை எந்த வண்டியின் முன்நாய் மூக்கு முதலில் கடந்தது என்று பார்த்துத்தான் அதைத் தீர்மானித்தார்கள்.

4. இனி முக்கியமான விஷயம். ஓட்டத்தைப் பார்க்காதீர்கள், ஓய்வைக் கூட்டுங்கள்.

செக்பாயின்ட் என்பது வழியில் உள்ள ஊர் அல்லது முகாம். ஒவ்வொன்றிலும் வந்த நேரம், போன நேரம், வந்த நாய்கள், போன நாய்கள் என்று எழுதி வைப்பார்கள். இந்த அட்டவணையைப் படிக்கத் தெரிந்தால் பந்தயத்தில் பாதி தெரிந்த மாதிரி. உதாரணத்துக்கு, யூக்கான் ஆற்றங்கரையில் ரூபி என்ற ஊருக்கு ஒருவர் காலை பத்து மணிக்கு வருகிறார், அதுவரை அவர் எடுத்த மொத்த ஓய்வு 34 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் பன்னிரண்டு மணிக்கு வருகிறார், அவர் கணக்கில் ஓய்வு 40 மணி நேரம். அட்டவணையில் முதலாமவர் இரண்டு மணி நேரம் முன்னால். ஆனால் அவர் ஆறு மணி நேர ஓய்வைக் கடன் வைத்திருக்கிறார். அந்த ஆறையும் எடுத்தால் நான்கு மணி நேரம் பின்னுக்குப் போய்விடுவார். எடுக்காமல் ஓடினால்? சில சமயம் நடக்கும், அது கந்துவட்டி. கடற்கரை வந்ததும் நாய்களின் வேகம் மணிக்கு ஒரு மைல், இரண்டு மைல் என்று குறையும். யார் கடனில் ஓடினார் என்பது அங்கே அம்பலமாகும்.

அதனால் உங்கள் மஷர் ஓர் ஊரில் நின்றுகொண்டிருக்க மற்றவர்கள் கடந்து போனால் பதறாதீர்கள். எல்லாரும் ஓய்வெடுக்கும் இடத்தில் நிற்காமல் போகிறவரையும் உடனே புகழ வேண்டாம். அவர் வைக்கோல் கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாரா என்று செய்தியில் தேடுங்கள். ஏற்றியிருந்தால் பத்து, இருபது மைல் தள்ளிக் காட்டுக்குள் முகாம் போடப் போகிறார் என்று பொருள். ஊர்ச் சத்தம் இல்லாத இடத்தில் நாய்கள் நன்றாகத் தூங்கும்.

5. கட்டாய ஓய்வு மூன்று. அவரவர் விருப்பப்பட்ட ஒரு செக்பாயின்டில் 24 மணி நேரம், யூக்கான் ஆற்றில் 8 மணி நேரம், நோமுக்கு முன்னால் வரும் வைட் மவுண்டனில் 8 மணி நேரம். ஒருவர் 24ஐ மெக்ராத்தில் எடுப்பார், இன்னொருவர் டகோட்னாவில், மற்றொருவர் இன்னும் தள்ளிப் போய். டகோட்னா சின்னஞ்சிறு ஊர், ஆனால் ஊர்க்காரர்கள் சுட்டு வைக்கும் பை பலகாரத்துக்குப் பேர்போனது. அதற்காகவே அங்கே தங்கினார்கள் என்று கிண்டல் செய்வார்கள், முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். எல்லாரும் 24ஐ முடிக்கும்வரை தரவரிசைப் பட்டியலுக்கு அர்த்தமே கிடையாது. பட்டியலைத் திறக்கவே வேண்டாம்.

6. ஓய்வு என்றேன், அது நாய்க்கு. மஷருக்கு அல்ல. வண்டி நின்றதும் வைக்கோல் விரிக்க வேண்டும். ஒவ்வொரு நாயின் நான்கு காலிலிருந்தும் துணிக்காலுறையைக் கழற்ற வேண்டும். பனியை உருக்கித் தண்ணீராக்கி இறைச்சியும் தீனியும் கலந்து ஊட்ட வேண்டும், ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு சுமார் 10,000 கலோரி. மணிக்கட்டு, தோள் பிடித்துவிட வேண்டும். கால்நடை மருத்துவர் வந்தால் எந்த நாய் சரியாகத் தின்னவில்லை என்று சொல்ல வேண்டும். பிறகுதான் தன் சாப்பாடு, தன் ஈரக் கையுறை. நான்கு மணி நேர நிறுத்தத்தில் அவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் அதிகம். கிளம்பும்போது பதினான்கு நாய் என்றால் 56 காலுறையையும் திரும்ப மாட்ட வேண்டும், வெறும் விரலால். ஒரு வாரம் கழித்து வரும் பேட்டிகளில் அவர்கள் உளறுவதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். பாதையில் இல்லாத மரத்தையும் மனிதரையும் கண்டதாக எத்தனையோ மஷர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

7. புள்ளியை நம்பாதீர்கள். வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி அனுப்பும் தகவல் தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். புள்ளி நின்றுவிட்டது என்றால் நாய்க்குத் தீனி கொடுக்கிறார், வண்டிச் சட்டம் உடைந்தது, தூங்குகிறார், கருவி செத்தது, இதில் எதுவும் இருக்கலாம். மஷரின் வீட்டாருக்குச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுக்காதீர்கள், அவர்களும் அதே புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனாலும் புள்ளியால் மறக்க முடியாத ஓர் இரவும் உண்டு. 2014இல் ஜெஃப் கிங் முன்னால் போய்க்கொண்டிருந்தார். நோமுக்கு 22 மைல் முன்னே இருக்கும் சேஃப்டிக்கு அருகில் காற்று அவரைப் பாதையிலிருந்து தள்ளியது. புள்ளி நின்றது, அவர் பந்தயத்தை விட்டார். அடுத்து வந்த ஆலி சர்கிள் சேஃப்டியில் புயலுக்கு ஒதுங்கினார். பின்னாலிருந்து டல்லஸ் சீவி வந்தார், நிற்காமல் போனார். அவருக்கு ஒன்றுமே தெரியாது, தான் மூன்றாம் இடத்துக்கு ஓடுவதாகவும் பின்னால் தெரியும் விளக்கு தன் அப்பா மிட்ச் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் விரட்டி வந்தது ஆலி. இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் டல்லஸ் ஜெயித்தார், ஜெயித்ததைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். உலகத்தின் மூலையில் திரைமுன் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்தது, வண்டியில் நின்றவருக்குத் தெரியவில்லை.

8. நாய் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். களைத்த நாயை, நொண்டும் நாயை, தின்ன மறுக்கும் நாயைச் செக்பாயின்டில் விட்டுவிட்டுப் போகலாம். மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள், தன்னார்வ விமானிகள் சிறு விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். மாற்று நாய் சேர்க்க முடியாது. நோமில் ஐந்து நாயாவது வண்டியில் பூட்டியிருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவது தோல்வி அல்ல, நல்ல மஷர் தயங்காமல் விடுவார். சட்டென்று ஒரே இடத்தில் மூன்று, நான்கு குறைந்தால் மட்டும் யோசியுங்கள், வயிற்றுக் கோளாறு பரவியிருக்கலாம்.

கடைசியில் முடிவு நாய்கள் கையில். 2019இல் பல மணி நேரம் முன்னிலையில் இருந்த ஒரு மஷர், கடற்கரையில் சாக்டூலிக்கைத் தாண்டியதும் சண்டை இழுத்த ஒரு நாயை அதட்டினார். மொத்த அணியும் படுத்துவிட்டது. எவ்வளவு கெஞ்சியும் எழவில்லை. அந்த ஆண்டு பெத்தல் ஊர்க்காரர் பீட் கைசர் வென்றார், யூப்பிக் இனத்திலிருந்து வந்த முதல் வெற்றியாளர்.

9. வழியில் குறுக்கிடும் மலைத்தொடரை மூன்றாம் நாளுக்குள் கடந்துவிடுவார்கள். ஹேப்பி ரிவர் சரிவு, டால்செல் பள்ளத்தாக்கு: உடைந்த வண்டிகளின் படங்கள் இங்கிருந்து வரும், பார்த்து ரசியுங்கள், அவ்வளவுதான். நகத்தைக் கடிக்க வேண்டிய இடம் கடற்கரை ஊரான உனலக்லீட்டுக்குப் பிறகு. சாக்டூலிக்கிலிருந்து கொயுக் போக நார்ட்டன் விரிகுடாவின் உறைந்த கடல்மேல் ஓட்ட வேண்டும். மரம் இல்லை, மேடு இல்லை, காற்றை மறைக்க எதுவும் இல்லை. 1985இல் மற்றவர்கள் சாக்டூலிக்கில் காத்திருக்க, லிபி ரிடில்ஸ் புயலுக்குள் வண்டியை விட்டு, இரவைப் பனிக்கட்டிமேல் கழித்து, இடிட்டராட்டை வென்ற முதல் பெண்ணானார். உங்கள் மஷர் கிளம்பாமல் சாக்டூலிக்கில் நின்றால் கோழை என்று சொல்லிவிடாதீர்கள். ரிடில்ஸ் கதை தெரிந்ததால் கிளம்பித் திரும்பி வந்தவர்களும் உண்டு.

10. நாய்கள் சாவதும் உண்டு. 2024இல் மூன்று இறந்தன. நாய்வதைக்கு எதிரான அமைப்புகள் இந்தப் பந்தயமே கூடாது என்கின்றன, பெரிய நிறுவனங்கள் சில ஆதரவை விலக்கிக்கொண்டன. நாய் இறந்தால், தவிர்க்க முடியாத விபத்து என்றால் ஒழிய, அந்த மஷர் பந்தயத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. நான் பார்ப்பதை நிறுத்தவில்லை, எதிர்ப்பவர்களை அறியாதவர்கள் என்று ஏளனம் செய்வதும் இல்லை. நீங்களும் செய்யாதீர்கள். இறந்த நாயின் பெயரைத் தேடிப் படியுங்கள். அதைச் சகிக்க முடியவில்லை என்றால் பார்ப்பதை விட்டுவிடுவதில் தவறே இல்லை.

11. வெற்றியாளர் வந்ததும் திரையை மூடாதீர்கள். 2017இல் மிட்ச் சீவி எட்டு நாள் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்து வென்றார். முதல் போட்டியில், 1973இல், டிக் வில்மார்த் வெல்ல இருபது நாள் ஆயின, கடைசியில் வந்தவருக்கு 32 நாள். கடைசியாக வருபவருக்குச் சிவப்பு லாந்தர் பரிசு தருவார்கள். வெற்றியாளருக்குப் பிறகு நான்கைந்து நாள் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும், நேரம் எதுவானாலும் சைரன் ஊதுவார்கள், நோம்காரர்கள் தெருவுக்கு ஓடி வருவார்கள். பெரிய பெயர்கள் வேண்டாம் என்று சொன்னதன் லாபம் இங்கேதான். உங்களுக்குப் பந்தயம் நீளம்.

12. மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரியில் பெத்தல் ஊரில் கஸ்கொக்விம் 300 நடக்கும், 300 மைல், அதிகம் போனால் இரண்டு மூன்று நாள். ஓய்வுக் கணக்குப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. பீட் கைசர் ஓடினால் அவரைப் பாருங்கள், சொந்த ஊர் ஆற்றில் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மூன்று பத்தி போடுங்கள்: வந்தது, போனது, எத்தனை நாய். தரவரிசைக்குப் பத்தி வேண்டாம்.