பழந்தாளிற் கலந்த பசை

ஐயப்பன்தாங்கலில் நாம் எடையிட்டு விற்கும் பழந்தாளுடன் எவையெல்லாம் செல்கின்றன என்று நேயர்கள் எண்ணியதுண்டோ? புத்தகத்தின் முதுகிற் பசை, அட்டைப்பெட்டியில் ஒட்டுநாடா, உறையிற் கோந்து ஆகிய யாவும் உடன்செல்கின்றன. இவை காகித ஆலையில் விளைக்கும் இடரையும், அதனை அடக்கும் இரசாயன உபாயத்தையும் ஈண்டுக் கூறுவாம்.

கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை 1984-இல் உற்பத்தி தொடங்கிற்று. கருப்பஞ்சக்கையே அதன் முதன்மை மூலப்பொருள்; பழந்தாளை மைநீக்கிக் கூழாக்கும் பிரிவும் பின்னர் ஏற்பட்டது. இத்தகைய ஆலைகளில் பழந்தாளை நீரிலிட்டுக் கலக்குங்கால் நார் பிரியும். பசையோ துணுக்குகளாய்ச் சிதறும். பெரிய துணுக்குகளைச் சல்லடை தடுத்துவிடும். அதற்கு அகப்படாத நுண்துகள்களே தொல்லை தருவன.

கம்பிவலைமீது பாயுங் கூழில் நூற்றுக்கு 99 பங்கு நீரே. வலையினின்று வடியும் அந்நீர் மீண்டுங் கூழுடன் கலக்கப்படுதலின், வலையில் தங்காத பசைத்துகள் நீரோடு சுற்றிச்சுற்றி வந்து பெருகும். வெப்பமோ புளிப்போ சற்று மாறினும் திரண்டு, வலையிலும் கம்பளியிலும் உலர்த்தும் உருளையிலும் அப்பிக்கொள்ளும். தாளில் துளை விழும். ஓடுந் தாள் அறும். இயந்திரத்தை நிறுத்திக் கழுவவேண்டும். ஆற்றுநீரைச் சிக்கனஞ் செய்ய முயலுந்தோறும் இத்துன்பம் மிகும் என்பது வருந்தத்தக்கதே.

நாரும் பசைத்துகளும் நீரில் எதிர்மின்னேற்றம் உடையன. ஆதலின் ஒன்றையொன்று விலக்கும். நேர்மின்னேற்றமுள்ள பொருளைச் சேர்ப்பின் அவ்விலக்கம் தணியும். பண்டு இதற்குப் படிகாரமே போதியதாயிற்று. சுண்ணக்கல் தூள் சேர்த்துக் காரநிலையில் தாள் செய்யும் ஆலைகளில் அதன் வலி குன்றும். எனவே பாலிடாட்மாக் போன்ற பொருளால் மின்னேற்றத்தை முதலில் தணித்து, கூழ் வலையை அணுகுமிடத்தில் நேர்மின்னேற்றமுள்ள பாலிஅக்ரிலமைடு என்னும் நெடுஞ்சங்கிலிப் பொருளைச் சேர்ப்பர். அது நாரையுந் துகளையும் பிணைக்கும். பசை இதனால் அழிவதில்லை. கூட்டமாய்த் திரளுமுன் ஒவ்வொரு துகளாய்த் தாளோடு வெளியேறிவிடும், அவ்வளவே. திரண்டுவிட்ட பசைக்கு இம்மருந்து பயனில்லை.

அளவு மிகினும் கேடுண்டு. மின்னேற்றம் நேராக மாறித் துகள்கள் மீண்டும் விலகும்; சங்கிலிப்பொருள் மிக்கால் நார் கட்டிகட்டியாய்ச் சேர, தாள் திட்டுத்திட்டாகும். ஆகவே வடிநீரின் மின்னேற்றத்தையும் கலங்கலையும் அளந்து பார்த்தே மருந்தைக் கூட்டுவர், குறைப்பர். தாள் நன்றாயிருக்கும் வேளையிலும் வடிநீர் கலங்கத் தொடங்கின், தேர்ந்த தொழிலாளி தாள் அறும்வரை காத்திரான்.