ஹோர்ட்டன் சமவெளி விலங்குகளும் அவற்றின் பொது ஆபத்துகளும்

க.பொ.த. (சாதாரண தரம்): சூழற்றொகுதியும் உயிர்ப் பல்வகைமையும்

1. அறிமுகம்

மாணவர்களே, நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் வாழ்வோருக்குக் காடு என்பது பாடநூலில் மட்டும் காணப்படும் ஒன்றன்று. தேயிலை மலை முடியும் இடத்திலேயே பல தோட்டங்களில் காடு தொடங்குகிறது. அக்காடுகளுள் மிகவும் அறியப்பட்டது ஹோர்ட்டன் சமவெளியாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றருக்கு மேல் அமைந்துள்ள இப்பிரதேசம் 1969 இல் இயற்கை ஒதுக்கமாகவும், 1988 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. இதன் பரப்பளவு ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் ஆகும். 2010 இல், சிவனொளிபாதமலை வனப்பகுதி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து இது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் வழங்கும் ஊற்றுப் பிரதேசமும் இதுவேயாகும். ஆகவே, இங்கு வாழும் விலங்குகளுக்கு ஏற்படும் ஆபத்து அவற்றுடன் மட்டும் நின்றுவிடுவதில்லை.

2. ஒரே உணவு வலையில் இணைந்த விலங்குகள்

ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளிகளில் மரைகள் கூட்டமாக மேய்கின்றன. அடர்ந்த காட்டில் ஊதாமுக மந்தி, கேளையாடு, காட்டுப்பன்றி ஆகியன வாழ்கின்றன. மூக்கின் நுனியில் கொம்பு போன்ற நீட்டமுடைய ஓணான் இனமொன்றும் இங்குண்டு. இது இலங்கைக்கே உரித்தானதாகும். மலைநாட்டுத் தேவாங்கு மிக அரிதான விலங்காகும். இது அழிந்துவிட்டதோ என அஞ்சப்பட்ட நிலையில், 2009 இல் ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் முதன்முறையாகப் புகைப்படம் எடுக்கப்பட்டது.

இவ்வுணவு வலையின் உச்சியில் இருப்பது சிறுத்தையாகும். இலங்கையில் சிங்கமோ புலியோ இல்லாமையால், சிறுத்தையே இங்கு உச்ச ஊனுண்ணியாக விளங்குகிறது.

உதாரணம்: புல் → மரை → சிறுத்தை

உச்ச ஊனுண்ணி குறைந்தால் தாவரவுண்ணிகளின் எண்ணிக்கை கட்டுப்பாடின்றிப் பெருகலாம். அதனால் இளந்தாவரங்கள் அளவுக்கு மீறி மேயப்பட்டு, காடு புதுப்பிக்கப்படுவது தடைப்படும். எனவே, ஓர் இனத்தின் ஆபத்து ஏனைய இனங்களுக்கும் ஆபத்தாகிறது.

3. ஆபத்தை ஒன்றாக எதிர்கொள்ளல்

சிறுத்தையின் நடமாட்டத்தை அறிந்த மரை, முன்காலை நிலத்தில் ஓங்கி அடித்து, வாலை உயர்த்தி, உரத்த ஒலி எழுப்பும். மர உச்சியிலிருக்கும் மந்தி, கீழே பதுங்கி வரும் சிறுத்தையைத் தொலைவிலிருந்தே கண்டு கரகரத்த குரலில் கத்தும். கேளையாடு நாய் குரைப்பது போல் குரல் கொடுக்கும்.

இவ்வொலிகள் எச்சரிக்கை ஒலிகள் எனப்படும். ஓர் இனம் எழுப்பும் ஒலியை வேறோர் இனமும் கேட்டு விழிப்படைகிறது. மந்திக்கு உயரமான பார்வையும், மரைக்குக் கூர்மையான மோப்பமும் செவிப்புலனும் உண்டு. ஒன்றிடம் இல்லாத ஆற்றலை மற்றொன்று ஈடுசெய்கிறது. பதுங்கித் தாக்கும் சிறுத்தை, தான் காணப்பட்டுவிட்டதை உணர்ந்ததும் பெரும்பாலும் வேட்டையைக் கைவிட்டு விலகிச் செல்லும்.

4. எச்சரிக்கை ஒலி இல்லாத ஆபத்துகள்

சிறுத்தையைக் கண்டு குரல் கொடுக்க விலங்குகள் நீண்ட காலப் பரிணாமத்தினூடாகப் பழகியுள்ளன. ஆனால், மனிதரால் ஏற்படும் பின்வரும் ஆபத்துகளை உணர்த்த எந்த விலங்கிடமும் குரல் இல்லை.

(அ) சுருக்குக் கம்பி: காட்டுப்பன்றியைப் பிடிப்பதற்காக மரக்கறித் தோட்டங்களின் ஓரத்திலும் காட்டுப் பாதைகளிலும் மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பி போன்றவற்றால் சுருக்கு வைக்கப்படுகிறது. சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. அகப்பட்ட விலங்கு திமிறத் திமிறக் கம்பி இறுகி, உள்ளுறுப்புகளையும் பாதிக்கும். 2020 மே 26 ஆம் திகதி நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டது. மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டுச் சிகிச்சையளிக்கப்பட்ட போதிலும், அது மே 29 ஆம் திகதி இறந்தது.

(ஆ) காடு துண்டாடப்படல்: 19 ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைநாட்டுக் காடுகள் பரந்தளவில் அழிக்கப்பட்டன. 1873 இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது காக்கும் கொள்கை ஏற்கப்பட்டமையால் ஹோர்ட்டன் சமவெளி தப்பியது. எனினும், கீழ்ப்பகுதிக் காடுகள் தோட்டங்களுக்கிடையே சிறு துண்டுகளாக எஞ்சின. ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் விலங்கு தேயிலை மலையைக் கடந்தே ஆகவேண்டும்.

(இ) அந்நிய இனங்கள்: பிரித்தானியர் கொண்டுவந்த, மஞ்சள் பூக்களையுடைய கோர்ஸ் என்னும் முட்செடி புல்வெளியில் பரவி, மரைகளின் மேய்ச்சல் நிலத்தைக் குறைக்கிறது. தூண்டில் பொழுதுபோக்குக்காக ஓடைகளில் விடப்பட்ட வானவில் டிரவுட் மீன், இங்கு மட்டுமே வாழும் சிறு இறால் போன்ற உயிரினங்களை உண்கிறது.

(ஈ) மரங்கள் நின்றபடியே மடிதல்: பல தசாப்தங்களாக இச்சமவெளிக் காட்டின் சில பகுதிகளில் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து மடிகின்றன. வறட்சி, மண்ணின் தன்மை, வளிமாசு, நோய்கள் முதலிய பல காரணிகள் இதனுடன் தொடர்புபடுத்தப்படுகின்றன. மரம் மடியும்போது மந்தியும் தேவாங்கும் உறைவிடத்தையும், ஓடைகள் மூடுபனியிலிருந்து கிடைக்கும் நீரையும் இழக்கின்றன.

(உ) பொலித்தீன்: உணவு மணமுள்ள பொலித்தீன் பைகளை மரைகள் உண்பதால் அவற்றின் உணவுக்கால்வாய் அடைபடலாம். இதனாலேயே பூங்கா நுழைவாயிலில் பயணிகளின் பொதிகள் சோதிக்கப்பட்டுப் பொலித்தீன் அகற்றப்படுகிறது.

5. தோட்ட மக்களும் சிறுத்தையும்

இவ்விடயத்தில் மக்களின் நிலையையும் விளங்கிக்கொள்ளல் வேண்டும். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு லயனுக்கு அருகிலுள்ள மரக்கறிப் பாத்தி முக்கிய உதவியாகும். ஒரே இரவில் காட்டுப்பன்றிகள் அதனை உழுதுவிட்டால் பல மாத உழைப்பு வீணாகும். மேலும், தேயிலைச் செடிகளுக்கிடையே குட்டிகளுடன் இருந்த சிறுத்தை, கொழுந்து பறிக்கச் சென்றோரைத் தாக்கிய சம்பவங்களும் உண்டு. எனவே, மக்களின் அச்சம் நியாயமானதே.

ஆனால் சுருக்குக் கம்பி இதற்குத் தீர்வாகாது. காட்டுப்பன்றியையும் அதன் குட்டிகளையும் வேட்டையாடும் விலங்குகளுள் சிறுத்தையும் ஒன்று. பன்றிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை இறந்தால், பன்றியின் இயற்கை எதிரியே இல்லாமற் போகிறது. அதே சுருக்கில் தோட்டத்து நாயும், சில வேளைகளில் மனிதரின் காலும் அகப்படலாம்.

தோட்டங்களில் பின்பற்றக்கூடிய பாதுகாப்பு வழிகள்:

• கொழுந்து பறிக்கக் கூட்டமாகச் செல்லல். மலைக்குள் இறங்குமுன் தகரம் தட்டியோ உரத்துப் பேசியோ ஒலி எழுப்பல்.
• சிறுத்தைக் குட்டிகளைக் கண்டால் தொடாது, தூக்காது, உடனே விலகிச் செல்லல். தாய் அருகிலேயே இருக்கக்கூடும்.
• லயன்களுக்கு அருகே குப்பை கொட்டாதிருத்தல். குப்பை நாய்களையும் பன்றிகளையும் ஈர்க்கும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும்.
• மரக்கறிப் பாத்திகளுக்கு உறுதியான வேலியிடல். அறுவடைக் காலத்தில் அயலவர் முறைவைத்து இரவுக்காவல் புரிதல்.
• சுருக்கு அல்லது அகப்பட்ட விலங்கைக் கண்டால், கிட்ட நெருங்காது வனஜீவராசிகள் அலுவலகத்துக்கோ, பொலிசுக்கோ, தோட்ட நிருவாகத்துக்கோ அறிவித்தல்.

6. சட்டப் பாதுகாப்பு

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் வனவிலங்குகளைப் பாதுகாக்கின்றன. சிறுத்தையைக் கொல்வது தண்டனைக்குரிய குற்றமாகும். தேசிய பூங்காக்களை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் நிருவகிக்கிறது. ஆயினும், பூங்காவின் எல்லை சிறுத்தைக்குத் தெரியாது. எல்லைக்கு வெளியே அதன் உயிர் அயலில் வாழும் மக்களின் கையிலேயே உள்ளது. காட்டில் மந்தி செய்யும் எச்சரிக்கைப் பணியைத் தோட்டத்தில் நாமே செய்ய வேண்டியுள்ளது.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் சுருக்குக் கம்பி உணவு வலையைப் பாதிக்கும் விதத்தை விளக்குக. (4 புள்ளிகள்)

விடை: சுருக்குக் கம்பி இனம் பிரித்துப் பிடிப்பதில்லை (1). அதில் உச்ச ஊனுண்ணியான சிறுத்தையும் அகப்பட்டு இறக்கிறது (1). சிறுத்தை குறையும்போது அதன் இரைகளான மரை, பன்றி போன்றவை பெருகலாம் (1). இதனால் இளந்தாவரங்கள் அழிவதுடன் பயிர்ச்சேதமும் அதிகரித்துச் சமநிலை குலையும் (1).

குறிப்பு: “சிறுத்தை இறக்கும்” என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளிகள் கிடைக்கமாட்டா. காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்தி எழுதுக.

8. பயிற்சி

1. ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட ஆண்டு யாது?
2. எச்சரிக்கை ஒலி என்றால் என்ன? இரு உதாரணங்கள் தருக.
3. இச்சமவெளியைப் பாதிக்கும் அந்நிய இனங்கள் இரண்டைப் பெயரிட்டு, ஒவ்வொன்றினதும் ஒரு பாதிப்பைக் குறிப்பிடுக.
4. காடு துண்டாடப்படுவதால் சிறுத்தைக்கும் மனிதருக்குமிடையே மோதல் ஏற்படுவது ஏன்?
5. உமது தோட்டத்தில் சுருக்குக் கம்பிப் பாவனையைக் குறைப்பதற்கு, மரக்கறி செய்வோருக்கு நட்டம் ஏற்படாத வகையில் மூன்று ஆலோசனைகளை முன்வைக்குக.